அக்கா அனுப்பிய குளிசையும் என் கிளினிக் கொப்பியும்

அப்பா போன பிறகு நாலைந்து மாதம் எனக்கு ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் வீட்டோடு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். வெட்டிய துணி மெசினுக்கு அடியில் அப்படியே கிடக்கும். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஜெர்மனியில் இருக்கும் அக்காவுக்கு போனில் என் குரலைக் கேட்டே விளங்கிவிட்டது. அடுத்த பார்சலில் ஒரு பெட்டி குளிசை வந்தது. அங்கே யொஹானிஸ்கிரவுட் என்கிறார்கள். ஆங்கிலத்தில் செயின்ட் ஜோன்ஸ் வோர்ட். மனச்சோர்வுக்குப் போடும் மூலிகை. ஐரோப்பாவில் ஜூன் மாதம், யோவான் திருநாளை ஒட்டிப் பூக்கிற மஞ்சள் பூச்செடி.

“மூலிகைதானே, நம்மட வல்லாரை மாதிரி. எனக்கும் ரெண்டு தா புள்ள, நித்திரை வருதில்ல” என்று மாமி கை நீட்டினார். கொடுத்தே இருப்பேன். ஆனால் மாமி இதய வால்வு மாற்றியவர், இரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் வார்ஃபரின் போடுகிறவர். இந்த மூலிகை, கல்லீரல் மற்ற மருந்துகளை வேகமாகக் கழித்துவிடும்படி செய்கிறது. வார்ஃபரினின் பலம் குறைந்தால் இரத்தம் கட்டிவிடும்.

அதனால் பெட்டியை உடைக்க முன்னமே, நீங்கள் போடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு, கிளினிக் கொப்பியோடு டொக்டரிடம் கொண்டுபோங்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளையும் எடுங்கள். என்னுடையது ஜெர்மன் மொழியில் இருந்தது. ஒரு குளிசையில் எத்தனை மில்லிகிராம் சாறு என்பதை அக்கா வாட்ஸ்அப்பில் தமிழில் சொல்ல, கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

டொக்டர் குளிசையைப் பார்க்க முன் என்னைத்தான் கேட்டார். எத்தனை கிழமையாக இப்படி, சாப்பிடுகிறேனா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா. முன்பு எப்போதாவது நித்திரையே இல்லாமல் அளவுமீறிய உற்சாகத்தில் திரிந்ததுண்டா என்றும் கேட்டார். அப்படி இருந்தவர்களை இது மறுபடி அந்த நிலைக்குத் தள்ளிவிடலாம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் வேண்டாம். இலேசான மனச்சோர்வுக்குத்தான் இது. படுக்கையை விட்டு எழும்ப முடியவில்லை, சாகும் எண்ணம் வருகிறது என்றால் மூலிகையோடு நாள் கடத்தாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவானால் 1926க்கு எடுங்கள், அது இலங்கையின் தேசிய மனநல உதவி எண்.

அப்புறம் என் பையைக் கொட்டினேன். அதில் குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை இருந்தது. எனக்கு அதை எடுத்துக் காட்டவே வெட்கம், ஆனால் சிக்கல் அதில்தான். இந்த மூலிகையோடு போட்டால் அது வேலை செய்யாமல் போகலாம். கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சிக்கும் அதே கதைதான். மிட்வைஃபிடம் பேசி கருப்பைக்குள் லூப் வைத்த பிறகுதான் நான் தொடங்கினேன். ஃப்ளூஒக்செடின், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்து போடுகிறவர்கள் இதைக் கூடவே தொடவே கூடாது: கைநடுக்கம், காய்ச்சல், பதற்றம் என்று ஆபத்தில் முடியும். எச்.ஐ.வி., புற்றுநோய், சிறுநீரக மாற்று மருந்துகளோடும் வேண்டாம்.

எனக்குச் சொன்ன அளவு 300 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, சாப்பாட்டோடு. ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்துப் பார்த்ததும் நாளுக்கு 900 மில்லிகிராம்தான். கம்பனிக்குக் கம்பனி அளவு வேறுபடும், அதனால் இடையில் பெட்டியை மாற்றாதீர்கள். மறந்த வேளைக்குச் சேர்த்து இரண்டு போட வேண்டாம்.

முதல் இரண்டு கிழமை ஒன்றும் தெரியவில்லை. கலண்டரில் ஒவ்வொரு நாளும் நித்திரை, பசி, வேலை என்ற மூன்றில் எது சரியாக இருந்ததோ அதற்கு ஒரு புள்ளி வைத்தேன். நாலாம் கிழமை ஒரு காலை, கேட்பாரில்லாமலே மெசினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று புள்ளியும் விழுந்த முதல் நாள் அது. ஆறு கிழமையாகியும் மாற்றம் இல்லையென்றால் கூட்டிப் போடாமல் டொக்டரிடம் திரும்பிப் போங்கள்.

வெயில் விஷயம் சொல்ல வேண்டும். தோல் சீக்கிரம் சிவக்கும், எரியும். கல்லடிப் பாலத்தில் மத்தியானம் சைக்கிள் ஓடுவதை விட்டேன். நீளக்கைச் சட்டை, குடை. வயல் வேலைக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசியுங்கள்.

நிறுத்தும்போதும் டொக்டரிடம் கேட்டு மெதுவாகக் குறையுங்கள். நிறுத்திய பிறகும் கல்லீரலில் அதன் வேலை இரண்டு கிழமை அளவு நீடிக்கும். ஆகவே நிறுத்திய திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். பல்லுப் பிடுங்கப் போனாலும் அதைக் காட்டுங்கள். மிச்சக் குளிசையை நான் மெசின் லாச்சியில் பூட்டி வைத்திருக்கிறேன். மாமியின் நித்திரைக்கு அவருடைய கிளினிக்கிலேயே கேட்டோம்.