சிறு குழந்தைகளோடு வேலை செய்யப் பயிற்சியா? முதலில் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கப் பழகுங்கள்

“எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்.” பயிற்சியில் சேர வருகிற அநேகம் பேர் சொல்வது இதுதான். நானும் சொன்னேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் அழ, நான்காவது ஆள் யாருடைய செருப்பையோ ருசி பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், உயிர் மட்டும் போதாது என்று புரிந்தது. இது கற்றுக்கொள்ள வேண்டிய தொழில். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்காக, வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் போய் உட்காருங்கள்

ஒரு காப்பகத்திலோ மழலையர் பள்ளியிலோ அனுமதி கேட்டு, காலை முதல் மாலை வரை இருந்து பாருங்கள். வெளியிலிருந்து பார்க்க ஒரே வேலை போலத் தெரியும். உள்ளே அது மூன்று வேலை. கைக்குழந்தைகள் அறையில் பால், டயபர், தூக்கம், மடி. ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஓட்டம், கடி, புதுப் பேச்சு. அதற்கு மேல் ஓயாத கேள்விகள். எந்த வயதுக்காரர்களோடு உங்களுக்குப் பொறுமை நீள்கிறது என்று கவனியுங்கள். முதுகும் முட்டியும் எப்படி இருக்கின்றன என்று மாலையில் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி நாள் தரையில்தான் போகும்.

படி 2: படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

சான்றிதழ், டிப்ளமோ, பட்டம் என்று பல நிலைகள் உண்டு. பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்தில், உரிமம் வழங்கும் அமைப்பு இந்தச் சான்றிதழை ஏற்கிறதா? களப்பயிற்சி எத்தனை மணி நேரம்? அங்கே உங்களைப் பார்த்துத் திருத்த ஆள் உண்டா? மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைப் பற்றிப் பாடம் இருக்கிறதா? குழந்தைகளுக்கான முதலுதவி சேர்த்தியா? களப்பயிற்சியே இல்லாமல், வீடியோ பார்த்து முடித்துவிடலாம் என்கிற படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். கரையில் உட்கார்ந்து நீச்சல் வராது.

பின்னணிச் சரிபார்ப்பு, மருத்துவச் சான்று போன்றவற்றுக்கு நாள் பிடிக்கும். சேர்ந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

படி 3: முதலில் பாதுகாப்பு

சில விஷயங்கள் யோசிக்காமலே கைக்கு வர வேண்டும். குழந்தைக்கு ஏதோ தொண்டையில் சிக்கியிருக்கிறது. பலமாக இருமுகிறது என்றால் இரும விடுங்கள். இருமலும் குரலும் வராதபோது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையாக இருந்தால் தலை தாழ்வாக இருக்கும்படி முன்கையில் குப்புறத் தாங்கி முதுகில் 5 தட்டு, பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பில் 5 அழுத்தம், மாறி மாறி. அந்த வயதில் வயிற்றை அழுத்தக் கூடாது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டதோடு விடாதீர்கள், பொம்மையை வைத்து நேரடி வகுப்பில் பழகுங்கள்.

தூங்கவைக்கும்போது கைக்குழந்தை மல்லாந்துதான் படுக்க வேண்டும். தலையணை, துணிப் பொம்மை வேண்டாம். டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கையில் கிடைக்கக் கூடாது. அறை மாறும்போதெல்லாம் தலைகளை எண்ணுங்கள். பதிவில் பெயர் இல்லாத ஆளிடம், எவ்வளவு தெரிந்த முகமானாலும், குழந்தையை அனுப்பாதீர்கள். சொந்த போனில் படம் எடுக்கவே எடுக்காதீர்கள்.

படி 4: கவனிப்புக் குறிப்பு எழுதுவது

படிப்பின் உயிர்நாடி இதுதான் என்பது என் கட்சி. முதல் களப்பயிற்சியில் நான் எழுதிக் கொடுத்த குறிப்பு இது:

“ர. இன்று ஒரே அடம். யாரோடும் சேரவில்லை. பிடிவாதக்காரன்.”

மேற்பார்வையாளர் கடைசிச் சொல்லைச் சுழித்துவிட்டு, “இதை நீங்க எங்கே பார்த்தீங்க?” என்று கேட்டார். பதில் இல்லை. நான் பார்த்தது ஒரு பையனையும் ஒரு வாளியையும்தான். மறுபடி எழுதச் சொன்னார்:

“காலை 10.05. ர., 2 வயது 4 மாதம். மணல் தொட்டி ஓரம் நிற்கிறான், கையில் மஞ்சள் வாளி. இரண்டு பேர் மணல் அள்ளுவதைப் பார்க்கிறான். 10.08: ஒரு குழந்தை வாளியை இழுக்கிறது. ‘என்னுது’ என்கிறான்; வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போகிறான். 10.11: அங்கேயே உட்கார்ந்து, மற்றவர்கள் செய்வது போலவே வாளியில் மணல் போடுகிறான். பேசவில்லை.”

அடம் எங்கே போயிற்று? குறிப்பில் நேரம், வயது, செயல், குழந்தை சொன்ன சொல் அப்படியே. உங்கள் கருத்தைத் தனிப் பத்தியில், “இப்படி இருக்கலாம்” என்று எழுதுங்கள். முழுப்பெயர் வேண்டாம்.

இனிப் பாடப்புத்தகம் உதவும். குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தி அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-ல் எழுதிய கட்டுரை இன்றும் பயிற்சியில் சொல்லித்தரப்படுகிறது. தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பது அதில் ஒரு வகை. பக்கத்தில் உட்கார்ந்து, சேராமல், அதே விளையாட்டைத் தனியாக ஆடுவது இன்னொரு வகை. ஆறு நிமிடத்தில் ர. இரண்டையும் செய்து காட்டியிருக்கிறான். இரண்டு வயதுக்காரனுக்கு அது இயல்பு. வாளியைப் பங்கு போடத்தான் அவனுக்கு இன்னும் வயதாகவில்லை.

தினமும் ஒரு குழந்தை, பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடமும் ஆபத்து இல்லாதவரை நீங்கள் தலையிடக் கூடாது. ஓடிப்போய் உதவக் கை துறுதுறுக்கும். கட்டுப்படுத்துவது, சொல்லப்போனால், டயபர் மாற்றுவதைவிடக் கஷ்டம்.

படி 5: குறிப்பிலிருந்து நாளைய திட்டம்

குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்துவிட்டால் வீண். அடுத்த நாள் மணல் தொட்டியில் இன்னும் இரண்டு மஞ்சள் வாளி வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, “நான் மணல் கொட்டுகிறேன்” என்று சொல்லிக்கொண்டே கொட்டினேன். அவ்வளவுதான் திட்டம். தனியாக முடியாததை, சின்னக் கைத்தாங்கல் கிடைத்தால் செய்துவிடுகிற ஓர் இடைவெளி குழந்தைக்கு உண்டு என்றார் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. அந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்பதைக் குறிப்புதான் காட்டும்.

படி 6: வாசலில் இரண்டு நிமிடம்

மாலையில் பெற்றோர் அவசரத்தில் வருவார்கள். என்ன சாப்பிட்டது, எவ்வளவு தூங்கியது, புதிதாக என்ன செய்தது என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். ஒரு குழந்தை இன்னொன்றைக் கடித்திருந்தால் எங்கே, எப்போது, என்ன முதலுதவி செய்தோம் என்று சொல்லுங்கள். யார் கடித்தது என்பதை மட்டும் சொல்லாதீர்கள், எத்தனை முறை கேட்டாலும்.

படி 7: நேர்காணலுக்குப் போகும்போது

முதலுதவிச் சான்று, களப்பயிற்சி மணி நேரக் கணக்கு, அப்புறம் நான்கைந்து நல்ல கவனிப்புக் குறிப்புகள். அவற்றில் குழந்தையை அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பயிற்சி நடந்த இடத்தின் அனுமதியோடுதான் வெளியே கொண்டுபோக வேண்டும். “அழும் குழந்தையை என்ன செய்வீர்கள்?” என்று கட்டாயம் கேட்பார்கள். “தூக்கி ஆறுதல் சொல்வேன்” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பசியா, தூக்கமா, காய்ச்சலா, அம்மா போன பிரிவா என்று எதையெதைப் பார்ப்பீர்கள், எந்த வரிசையில் பார்ப்பீர்கள் என்று சொல்லுங்கள்.