முதன்முதலாக ஃபின்ச் ஜோடி போடுபவர்களுக்கு: பானை கட்டுவது முதல் குஞ்சு பிரிப்பது வரை

ஃபின்ச் என்னும் சின்னக் கூண்டுக் குருவி முட்டை போடுவதற்கு நாம் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை. நல்ல ஜோடி, கூடாக ஒரு பானை, கொஞ்சம் தேங்காய் நார் இருந்தால் போதும், அதுவே போட்டுவிடும். அந்த முட்டை பொரிந்து, குஞ்சு தானாகத் தின்னப் பழகி, பெட்டையும் உடம்பு உருகாமல் நிற்க வேண்டும் என்றால்தான் வேலை இருக்கிறது. இந்தப் பாதியைக் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை. சென்னை தண்டையார்பேட்டையில் போர்ஷன் வீட்டு வராந்தாவில் வைத்துப் பழகியதிலிருந்து எழுதுகிறேன். கூண்டு கழுவுவது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் தெரிந்ததுதானே, நேராக ஜோடிக்கே போய்விடலாம்.

1. ஜோடி

முதல் தடவைக்கு ஜீப்ரா ஃபின்ச், இல்லையென்றால் பெங்காலி. கோல்டியன் கண்ணைப் பறிக்கும், ஆனால் அது கை பழகியவர்களுக்கு.

ஜீப்ராவில் ஆண் பெண் பார்ப்பது சுலபம். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, தொண்டையில் மெல்லிய கருப்புக் கோடுகள், விலாவில் வெள்ளைப் புள்ளி வைத்த செம்பழுப்பு. பெட்டைக்கு இது எதுவும் கிடையாது. வெள்ளை ஜீப்ரா என்றால் அலகைப் பாருங்கள்: ஆணுக்கு நல்ல சிவப்பு, பெட்டைக்கு வெளிர் ஆரஞ்சு. பெங்காலியைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாடுவது ஆண், அவ்வளவுதான் அடையாளம். ஜீப்ராவுக்கு அலகு கருப்பாக இருந்தால் அது இன்னும் குஞ்சு.

மூன்று மாதத்திலேயே பெட்டை முட்டை போடத் தயாராகிவிடும். அதற்காகப் போட விடக்கூடாது. 6 மாதமாவது முடியட்டும், 9 மாதம் என்றால் இன்னும் நல்லது. சின்னப் பெட்டைக்குத்தான் முட்டை வழியிலேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம்.

ஆணையும் பெட்டையையும் ஒரே கூண்டிலிருந்து பிடித்துத் தரச் சொல்லாதீர்கள். ஒரே பானையில் பிறந்தவையாக இருக்கலாம். ஒன்றைக் கொளத்தூர் பறவைக் கடையில் எடுத்தால் இன்னொன்றை வேறு ஆளிடம் எடுங்கள்.

இன்னொரு விஷயம். சிவப்பு, பச்சை என்று சாயம் அடித்த சின்னக் குருவிகளை ஃபின்ச் என்று சொல்லி விற்பார்கள். அவை பெரும்பாலும் நம் ஊர் வயல்களில் பிடித்த சில்லைகள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். வலையில் சிக்கிய பறவை கூண்டில் படும் பாட்டைப் பார்க்கவே முடியாது. வாங்காதீர்கள், வாங்குகிறவர்களிடமும் சொல்லுங்கள். ஜீப்ரா ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. கடைகளில் கிடைப்பவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை.

2. கூண்டும் இடமும்

ஒரு ஜோடிக்கு ஒரு கூண்டு. 2 அடி நீளமாவது வேண்டும். ஃபின்ச் குறுக்கே பறக்கும், மேலே ஏறாது, அதனால் உயரமான கூண்டால் பிரயோஜனம் இல்லை. கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் பவுடர் கோட்டிங் செய்த கூண்டே வாங்குங்கள். கடல் காற்றின் உப்பு சாதாரணக் கம்பியைச் சீக்கிரமே துருவேற்றிவிடும்.

சுவரை ஒட்டி, நம் கண் உயரத்தில் மாட்டுங்கள். சமையலறை வேண்டாம்: நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையும் ஆகாது. எறும்புதான் குஞ்சுக்கு எமன். ஸ்டாண்டில் வைத்தால் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். தொங்கவிட்டால் கொக்கியின் மேல் பகுதியில் வாசலைன் தடவுங்கள். எறும்பு சாக்பீஸ் விஷம், கூண்டுப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

3. எப்போது பானை கட்டுவது

பொங்கல் கழித்து. போகி அன்று நம் தெருக்களில் எழும் டயர் புகையில் முட்டையோ குஞ்சோ இருக்க வேண்டாம். அதற்கு அடுத்த வாரம் பானை கட்டினால் மாதக் கடைசிக்குள் முட்டை வரும், பிப்ரவரி நடுவில் குஞ்சு பொரியும், மார்ச் முடிவதற்குள் பிரித்துவிடலாம். கத்திரி வெயில் வருவதற்குள் பானை இறங்கிவிட வேண்டும். தீபாவளிச் சமயத்திலும் கட்டாதீர்கள். வெடிச் சத்தத்தில் மிரண்டு வெளியே பாய்ந்த பெட்டை இருட்டில் பானைக்குத் திரும்பாமல் போகலாம். முட்டை குளிர்ந்துபோகும்.

4. பானையும் நாரும்

இந்தப் படியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். முதல் ஈட்டிலேயே (ஒரு தடவை சேர்ந்தாற்போல் போடும் முட்டைகள்தான் ஒரு ஈடு) முட்டை கெட்டுப் போகிறது என்று சொல்பவர்களில் பலருக்குச் சிக்கல் இங்கேதான்.

மரப்பெட்டி, பிரம்புக் கூடை, மண்பானை மூன்றும் கிடைக்கும். என் ஓட்டு மண்பானைக்கு, பக்கவாட்டில் துளை உள்ளதற்கு. நம் ஊர் ஈரப்பதத்தில் மரம் ஊறிப் பூசணம் பிடிக்கிறது. பிரம்பின் இடுக்குகளில் செம்பேன் குடியேறினால் ஒழிக்கவே முடியாது. பானையை வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தால் தீர்ந்தது.

தேங்காய் மட்டையை வீட்டிலேயே பிரித்து, அலசி, நன்றாகக் காயவைத்து, ஒரு விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். பஞ்சு, நூல், சணல் பிரி வேண்டவே வேண்டாம். குஞ்சின் காலில் சுற்றினால் காலே போய்விடும். பானையின் முக்கால் பங்கை நீங்களே நாரால் நிரப்பி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி அமுக்கிவிடுங்கள். மீதி ஒரு கைப்பிடியை மட்டும் கூண்டின் தரையில் போடுங்கள். ஆண் ஒவ்வொரு இழையாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சொருகும்.

முதல் முட்டையைப் பார்த்த அன்றே, கூண்டில் மிச்சம் இருக்கும் நாரை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஒரு இழைகூட இருக்கக்கூடாது. ஜீப்ரா ஆணுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாது. நார் கண்ணில் பட்டால் முட்டை மேலேயே மெத்தை கட்டும். பெட்டை அதன் மேல் மறுபடி முட்டை போடும், அதற்கு மேல் இன்னொரு மெத்தை. அடியில் இருப்பவை சூடில்லாமல் வீணாகும், பெட்டையின் உடம்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தெல்லாம் பயனில்லாத முட்டைகளில் கரையும். உள்மட்டம் துளை வரைக்கும் உயர்ந்துவிட்டது என்றால் இதுதான் நடக்கிறது.

நாரை எடுத்தாலும் ஆண் சும்மா இருக்காது. தட்டில் விரித்த தினத்தாளைக் கிழிக்கும், கொத்தமல்லித் தண்டைத் தூக்கும், உதிர்ந்த இறகைப் பொறுக்கும். அதனால் முட்டைக் காலத்தில் தட்டின் மேல் கம்பிச் சல்லடை போட்டு வையுங்கள். கீரையில் இலையை மட்டும் கிள்ளிக் கொடுங்கள்.

5. தீனி

தினை, பனிவரகு, சாமை கலந்து கொடுத்தால் அடிப்படைக்குப் போதும். மழைக்காலத்தில் மொத்தமாக வாங்காதீர்கள், பூசணம் பிடித்த தானியம் ஆளையே காலி செய்யும். பானை கட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து அவித்த முட்டையை ஓட்டோடு மசித்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் வையுங்கள். குஞ்சு பொரிந்தபின் தினமும். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், நம் வெயிலில் அதற்கு மேல் தாங்காது. முருங்கைக்கீரையும் நல்லது.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. கடையில் சின்னத் துண்டுக்கே காசு கேட்பார்கள். காசிமேட்டில் கணவாய் சுத்தம் செய்யும் இடத்தில் கேட்டால் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அடிக்கடி தண்ணீர் மாற்றி இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, வாடை போகும்வரை வெயிலில் காயப்போட்டு, மென்மையான பக்கம் பறவையைப் பார்த்தபடி கட்டிவிடுங்கள். முட்டை போடும் பெட்டை அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

பெட்டை தரையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்து, வால் ஏறி இறங்கி, முக்கினால் முட்டை சிக்கியிருக்கிறது. வயிற்றை அமுக்காதீர்கள், உள்ளே உடைந்தால் உயிர் போகும். சின்னப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் 40 வாட் குண்டு பல்பு போட்டுச் சூடு கொடுத்தபடியே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளும் விஷயமில்லை.

6. முட்டையும் குஞ்சும்

நாளுக்கு ஒன்றாக 4 முதல் 6 முட்டை வரும். முதல் இரண்டு மூன்று நாள் ஒழுங்காக அடை உட்காராது, பயப்படாதீர்கள். அப்புறம் ஆணும் பெட்டையும் மாறி மாறி உட்காரும். 12 முதல் 14 நாளில் பொரியும். அடை தொடங்கி ஒரு வாரம் கழித்து, இரண்டும் தீனி தின்னும் நேரம் பார்த்து, செல்போன் டார்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடியுங்கள். சிவப்பு நரம்புகள் ஓடினால் கரு இருக்கிறது. அந்த ஒரு தடவை போதும். கைபட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை, ஆனால் ஓயாமல் எட்டிப் பார்த்தால் புது ஜோடி பானையை விட்டுவிடும்.

பொரிந்த குஞ்சு ரோஜா நிறத்தில், முதுகில் நாலு வெள்ளை மயிரோடு, ஒரு பட்டாணி அளவில்தான் இருக்கும். வயிறு நிறைந்ததா என்று கழுத்தைப் பார்த்தே சொல்லலாம். கழுத்தோரத் தோல் கண்ணாடிபோல மெல்லியது, இரைப்பையில் சேர்ந்த வெள்ளைத் தினை மணிகள் வெளியே தெரியும். சாயங்காலம் இரைப்பை உப்பியிருந்தால் பெற்றோர் ஒழுங்காக ஊட்டுகிறார்கள்.

தரையில் விழுந்த குஞ்சு ஜில்லென்று அசையாமல் கிடந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு உள்ளங்கைக்குள் வைத்து ஊதிச் சூடு கொடுங்கள். பல சமயம் மெதுவாக வாய் திறக்கும். சூடு ஏறியபின் பானைக்குள் வையுங்கள்.

7. பிரிப்பது

18 முதல் 21 நாளில் குஞ்சுகள் வெளியே வரும். வெளியே வந்துவிட்டதே என்று பிரித்துவிடாதீர்கள். இன்னும் இரண்டு வாரமாவது பெரும்பாலும் தகப்பன்தான் ஊட்டும். தானாகத் தினையை உரித்துத் தின்பதைக் கண்ணால் பார்த்தபின், 40 நாளை ஒட்டிப் பிரியுங்கள். அலகு ஆரஞ்சாக மாறத் தொடங்கும்போது ஆண் பெண் தனியாக்கிவிடுங்கள்.

வருஷத்துக்கு இரண்டு ஈடு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் கேட்டால் பெட்டையின் உயிரைத்தான் கேட்கிறோம்.

படித்தவர்கள் கேட்டதால் பிறகு சேர்த்தவை

ஒரே கூண்டில் இரண்டு ஜோடி வைக்கலாமா என்று வியாசர்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். பானைச் சண்டையில் முட்டை உடையும், யாருடைய குஞ்சு எது என்றும் தெரியாது.

பானையை எடுத்த பிறகும் பெட்டை தீனிக் கிண்ணத்தில் முட்டை போடுகிறதே என்று பலர் எழுதியிருந்தார்கள். ஜீப்ரா அப்படித்தான், குழிவாக எது இருந்தாலும் கூடு என்று எடுத்துக்கொள்ளும். திறந்த கிண்ணத்தை மாற்றி, வாய் குறுகிய தீனிக் குடுவை வையுங்கள். அவித்த முட்டையையும் ஊறவைத்த தானியத்தையும் நிறுத்துங்கள், காய்ந்த தினை போதும். கணவாய் ஓடு மட்டும் கூண்டிலேயே இருக்கட்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால் ஆணைப் பக்கத்துக் கூண்டுக்கு மாற்றி இரண்டு மாதம் தனியாக விடுங்கள். ஒன்றின் சத்தம் கேட்டு மற்றொன்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்தான், ஆனால் பெட்டை உடம்பு தேற அந்த இரண்டு மாதம் வேண்டும்.