உபுண்டு அப்டேட் பாதியில் நிற்கிறதா?

உவர்மலையில் அக்காவின் மடிக்கணினிக்கு நேற்றுச் செய்து கொடுத்தது இது. கொழும்பு நேரத்தைத் தெரிவுசெய்து உபுண்டு இயங்குதளத்தை நிறுவினால், பொதிகள் (மென்பொருள் கோப்புகள்) வரும் முகவரியின் முன்னால் பெரும்பாலும் இலங்கையைக் குறிக்கும் 'எல்கே' சேர்ந்துவிடும். எந்தப் பிரதி சேர்வரும் (மெயின் சேர்வரின் நகலை வைத்திருக்கும் சேர்வர்) சில வேளை பிந்தும். அப்போது 'சொப்ட்வெயார் அன்ட் அப்டேட்ஸ்' திறந்து, பதிவிறக்கும் இடத்தை 'மெயின் சேர்வர்' என்று மாற்றுங்கள்.

கையால் திருத்துபவர்களே, 24.04 பதிப்பில் பழைய 'சோர்சஸ்.லிஸ்ட்' கோப்பைத் தேடி மினக்கெட வேண்டாம். முகவரிகள் 'சோர்சஸ்.லிஸ்ட்.டி' அடைவுக்குள், 'உபுண்டு.சோர்சஸ்' கோப்பில் இருக்கின்றன. முதலில் அந்தக் கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். 'செக்கியூரிட்டி' என்று வரும் பகுதியைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் அதன் வழியாகத்தான் வருகின்றன. கடைசியாக டெர்மினல் எனும் கட்டளைச் சாளரத்தில் 'சூடோ ஆப்ட் அப்டேட்' கொடுங்கள்.