ஒரு மரபணு மாற்றுப் பயிரின் பாதகங்களை எடைபோடுவது எப்படி

மரபணு மாற்றுப் பயிர் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். எந்தப் பயிர், அதில் எந்தக் குணத்தை ஏற்றியிருக்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் பருத்தி, களைக்கொல்லி தெளித்தாலும் சாகாத சோயா, வைரஸ் தாக்காத பப்பாளி, நறுக்கி வைத்தாலும் பழுப்பேறாத ஆப்பிள் என்று இவை எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைக்கிறோம், ஆனால் ஒன்றில் இருக்கும் சிக்கல் இன்னொன்றில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் பயப்படுவது தட்டில் வந்து விழும் சாப்பாட்டைப் பார்த்துத்தான். இதுவரை நிஜமாக நடந்து, பதிவாகியிருக்கும் பாதகங்களோ பெரும்பாலும் வயலிலும் விதைப் பையிலும் இருக்கின்றன. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் 900-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி 2016-இல் வெளியிட்ட அறிக்கையும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது: இப்போது விற்பனையில் இருக்கும் மரபணு மாற்று உணவுகள் சாதாரண உணவைவிட உடலுக்குக் கூடுதல் கெடுதல் செய்வதாக ஆதாரம் இல்லை, ஆனால் களைக்கொல்லிக்கு அடங்காத களைகள் விவசாயத்துக்குப் பெரிய தலைவலியாகிவிட்டன. அதற்காகச் சாப்பாட்டுக் கேள்வியை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. அதை எப்படிக் கேட்பது என்பதிலிருந்தே தொடங்குவோம்.

சாப்பாட்டுக் கேள்வி

புதிய மரபணு என்றால் பெரும்பாலும் செடிக்குள் ஒரு புதிய புரதம். மனிதர்களுக்கு ஒவ்வாமை வருவதும் முக்கியமாகப் புரதத்தால்தான். அதனால் முதல் கேள்வி, அந்த மரபணு எங்கிருந்து வந்தது என்பது. 1990-களில் கால்நடைத் தீவனத்தின் சத்தைக் கூட்டுவதற்காகச் சோயாவுக்குள் பிரேசில் கொட்டையின் ஒரு மரபணுவைச் சேர்த்தார்கள். அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுடைய ரத்தச் சீரத்தை வைத்துப் பரிசோதித்தபோது, ஒவ்வாமையைத் தூண்டும் புரதமே சோயாவுக்குள் வந்துவிட்டது தெரிந்தது. 1996-இல் ஆய்வு வெளியானது, அந்தச் சோயா சந்தைக்கு வரவேயில்லை. இதைச் சோதனை முறை வேலை செய்ததற்குச் சாட்சியாகச் சிலர் காட்டுவார்கள், ஆபத்து நிஜம் என்பதற்குச் சாட்சியாக வேறு சிலர் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே சரி.

இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: சோதித்த புரதம் எங்கே தயாரானது? செடியிலிருந்து தேவையான அளவுக்குப் புரதத்தைப் பிரித்தெடுப்பது சிரமம் என்பதால், அதே மரபணுவைப் பாக்டீரியாவில் வைத்துப் புரதம் தயாரித்து எலிகளுக்குக் கொடுப்பது சகஜம். இரண்டும் ஒன்றேதான் என்று நிறுவனம் நிரூபித்துக் காட்ட வேண்டும். ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், ஆஸ்திரேலியாவில் பீன்ஸின் ஒரு மரபணுவைப் பட்டாணிக்குள் வைத்தபோது, பட்டாணியில் உருவான புரதம் நுணுக்கமான அமைப்பில் கொஞ்சம் மாறியிருந்தது. அதைத் தின்ற சுண்டெலிகளின் நோய் எதிர்ப்பு மண்டலம் எதிர்வினை காட்டியதாக 2005-இல் ஆய்வு வந்தது, திட்டத்தையும் கைவிட்டார்கள். அந்த எலி முடிவைப் பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் கேள்வி கேட்டார்கள், அது வேறு விஷயம். ஒரே மரபணு என்றாலும் இடம் மாறினால் விளையும் புரதத்தை மறுபடி சோதிக்கத்தான் வேண்டும்.

மூன்றாவதாக, தீவனத்துக்கு மட்டும் என்று அனுமதித்த பயிர் அப்படியே தீவனத்தோடு நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோளத்தில் இருந்த புரதம் வயிற்றில் சீக்கிரம் செரிக்காது என்ற சந்தேகம் இருந்ததால் 1998-இல் அதைக் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதித்தார்கள். 2000 செப்டம்பரில் அதன் சுவடு கடைகளில் விற்ற டாக்கோ ஓடுகளில் (மக்காச்சோள மாவில் செய்யும் மெக்சிகோ பாணி உணவு) கிடைத்தது. நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஒவ்வாமை வந்ததாகச் சொன்னவர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் அந்தப் புரதத்தால்தான் வந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் களஞ்சியம், லாரி, ஆலை என்று எல்லாம் பொதுவாக இருக்கும் இடத்தில், காகிதத்தில் போட்ட வேலி தானியத்தைத் தடுக்காது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

மிரள வைக்கும் ஆய்வு ஒன்று கையில் கிடைத்தால்

பகிர்வதற்கு முன்னால் மூன்றே விஷயம் பாருங்கள். ஒரு குழுவில் எத்தனை எலிகள், அந்த எலி இனத்துக்கு இயல்பாகவே அந்த நோய் வருமா, அதே முடிவு வேறு யாருக்காவது கிடைத்ததா. பிரெஞ்சு ஆய்வாளர் செராலினியின் குழு 2012-இல் வெளியிட்ட, மரபணு மாற்று மக்காச்சோளம் தின்று பெரிய கட்டிகளோடு இருக்கும் எலிகளின் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. ஒரு குழுவில் 10 எலிகள். ஸ்பிரேக்-டாலி என்ற அந்த இனத்துக்கு வயதானால் தானாகவே கட்டி வருவது சகஜம், ஆய்வோ இரண்டு ஆண்டுகள் நடந்தது. 2013-இல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அடுத்த ஆண்டு வேறொரு இதழில் மறுபடி வந்தது. இன்றைக்கும் அந்தப் படங்களைத்தான் முதல் ஆதாரமாக நீட்டுகிறார்கள். நிஜமான பாதகங்கள் இவ்வளவு இருக்கும்போது ஆட்டம் காணும் ஆதாரத்தை நம்பிப் பேசினால், எதிர்த்தரப்பு அந்த ஒன்றை உடைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

செடியோடு என்ன தெளிக்கிறார்கள் என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகவே படியுங்கள். களைக்கொல்லி தாங்கும் பயிரை எடைபோடும்போது செடியை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். அந்த விதையே ஒரு மருந்தோடு சேர்த்து விற்கப்படுவது. 1996-இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் சோயா அமெரிக்காவில் வந்தபோது விவசாயிகளுக்கு அது பெரிய நிம்மதி. உழவு குறைந்தது, ஒரே மருந்து போதும், பயிருக்கு மேலேயே அடிக்கலாம். அதனால் எல்லோரும், எல்லா வயலிலும், வருஷா வருஷம் அதே மருந்தை அடித்தார்கள். கோடிக்கணக்கான களைச் செடிகளில் எங்கோ ஒன்றிரண்டு தப்பிப் பிழைக்கும், அடுத்த வருஷம் அதன் பிள்ளைகள் மட்டும் முளைக்கும், அவ்வளவுதான் கதை.

பால்மர் அமரந்த் என்ற களையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் முளைக்கீரை, தண்டுக்கீரை இனத்தோடு உறவுள்ள செடிதான். சூடும் ஈரமும் சேர்ந்தால் ஒரே நாளில் 5 சென்டிமீட்டர் வளரும், ஆளைவிட உயரமாகப் போகும், தண்டு தடித்து அறுவடை இயந்திரத்தையே கெடுக்கும். ஒரு பெண் செடி லட்சக்கணக்கில் விதை போடும். ஆண் செடி தனி, பெண் செடி தனி என்பதால் தப்பிப் பிழைக்கும் குணம் மகரந்தத்தோடு காற்றில் போய் அடுத்த வயல் செடிகளுக்கும் சேர்ந்துவிடும். கிளைபோசேட்டுக்குச் சாகாத பால்மர் அமரந்த் 2005-இல் ஜார்ஜியா மாநிலத்தின் பருத்தி வயல்களில் உறுதியானது. எப்படித் தப்பித்தது என்று பார்த்தபோது, அந்த மருந்து முடக்கும் நொதிக்கான மரபணுவை அந்தச் செடிகள் பல மடங்கு நகலெடுத்து வைத்திருந்தன, சில செடிகளில் நூறு மடங்குக்கும் மேல். மருந்து முடக்க முடக்க மிச்சம் இருந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஆட்களை விட்டுக் கையால் களை பறிக்கும் நிலைக்கே பல வயல்கள் திரும்பின.

அடுத்து என்ன செய்தார்கள்? டைகாம்பா என்ற பழைய மருந்தைத் தாங்கும் சோயாவையும் பருத்தியையும் கொண்டுவந்தார்கள். டைகாம்பா ஆவியாகி நகரும் குணமுள்ளது. 2017-இல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 36 லட்சம் ஏக்கர் சோயா, பக்கத்திலிருந்து மிதந்து வந்த டைகாம்பாவால் இலை சுருண்டு பாதிக்கப்பட்டதாகப் பல்கலைக்கழக வல்லுநர்கள் கணக்கிட்டார்கள். இதில் எனக்குப் பெரிய ஆதங்கம் என்னவென்றால், அந்த விதையை வாங்கவே வேண்டாம் என்று இருந்தவர்களும், தங்கள் பயிரைக் காப்பாற்றுவதற்காகவே அடுத்த வருஷம் அதே விதையை வாங்க வேண்டிய நெருக்கடிக்கு ஆளானார்கள். அந்தத் தெளிப்புக்குக் கொடுத்த அனுமதியை நீதிமன்றங்கள் 2020-லும் 2024-லும் ரத்து செய்தன.

ஆகவே இந்த வகைப் பயிரைப் பற்றிக் கேட்க வேண்டியவை: எந்த மருந்து, ஆண்டுக்கு எத்தனை முறை, பயிரைச் சுழற்சி முறையில் மாற்றுகிறார்களா, எதிர்ப்புள்ள களை அந்தப் பகுதியில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா. மருந்தின் உடல்நலக் கேள்வியைத் தனியாக வையுங்கள். கிளைபோசேட் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சேர்த்தது, அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த முடிவுக்கு வரவில்லை. இது மருந்தைப் பற்றிய வாதம். மரபணு மாற்றாத பயிர்களுக்கும் அதே மருந்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பூச்சி கற்றுக்கொள்ளுமா

பி.டி. பயிர்களில், அதாவது புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் பயிர்களில், களைக்கொல்லிக் கதையின் இன்னொரு வடிவம் நடக்கிறது. இங்கே பார்க்க வேண்டியது புகலிடப் பயிர், அதாவது பி.டி. இல்லாத செடிகளை வயலில் ஒரு பகுதியில் கட்டாயம் நடுவது. எதிர்ப்புச் சக்தி இல்லாத பூச்சிகள் அங்கே பிழைத்திருந்து, எதிர்ப்புள்ள பூச்சிகளோடு இணைசேர்ந்தால் எதிர்ப்பு பரவுவது தாமதமாகும். ஒரே பூச்சி, ஒரே பயிர், இரண்டு நாடுகளில் என்ன ஆனது என்று பாருங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் 1996 முதல் பி.டி. பருத்தியோடு புகலிடத்தையும் ஒழுங்காக வைத்தார்கள், பிறகு மலடாக்கிய அந்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டார்கள். 2018-இல் அமெரிக்கப் பருத்தி வயல்களிலிருந்து இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. இந்தியாவில் 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. புகலிட விதையைத் தனிப் பொட்டலமாகக் கொடுத்தும் நட்டவர்கள் குறைவு, செடியும் வயலில் நீண்ட மாதங்கள் நிற்கும். 2010-லேயே குஜராத்தில் எதிர்ப்பு உறுதியாகிவிட்டது, பிறகு இரண்டு புரதம் கொண்ட ரகத்தையும் புழு தாண்டிவிட்டது.

தொழில்நுட்பம் ஒன்றேதான், முடிவு நேர் எதிர். அதனால் அனுமதிக் கடிதத்தில் புகலிடம் என்று எழுதியிருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், அதை யார் போய்ப் பார்க்கிறார்கள், நடாவிட்டால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். அப்புறம், ஒரு பூச்சி அடங்கினால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரலாம். வட சீனாவில் காய்ப்புழுவுக்கான தெளிப்பு குறைந்ததும் மிரிட் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி பெருகி, பக்கத்துப் பழத்தோட்டங்கள் வரை போனதை 2010-இல் பதிவு செய்தார்கள்.

பக்கத்து வயலுக்குப் போகுமா

தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிரா, காற்றில் மகரந்தத்தை விடும் பயிரா, அருகில் காட்டு உறவினர்கள் உண்டா, விதை எவ்வளவு சிறியது என்று பாருங்கள். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் களைக்கொல்லி தாங்கும் ஒரு புல் வகையைச் சோதனை முயற்சியாக வளர்த்தபோது, அதன் மகரந்தத்தின் அடையாளம் 21 கிலோமீட்டர் தள்ளியிருந்த செடிகளில் கிடைத்தது. மகரந்தம் மட்டும்தான் வழி என்றும் நினைக்க வேண்டாம். விற்பனைக்கே வராத, சோதனை வயலோடு 2001-இல் முடிந்துபோன ஒரு நெல் ரகத்தின் சுவடு 2006-இல் அமெரிக்க அரிசியில் கண்டுபிடிக்கப்பட்டது. வாங்கும் நாடுகள் கதவை மூடின, விலை விழுந்தது. அந்த விதையைக் கையால்கூடத் தொடாத ஆயிரக்கணக்கான விவசாயிகள் நஷ்டப்பட்டு, 2011-இல் அந்த ரகத்துக்குச் சொந்தக்காரரான பேயர் நிறுவனம் 75 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லாத கலப்புகூடப் பிழைப்பைக் கெடுக்கும். இழப்பீடு யார் தருவார் என்ற கேள்வியை அனுமதி கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

லேபிளும் விதைப் பையும்

வாங்குபவராக இருந்தால், இந்த உணவில் மரபணு மாற்றுப் பயிர் இருக்க வாய்ப்பாவது உண்டா என்று முதலில் பாருங்கள். சோயா, மக்காச்சோளம், கனோலா, பருத்தி விதை எண்ணெய், சர்க்கரைவள்ளி அல்லாத சர்க்கரைக் கிழங்கு எனப்படும் சுகர் பீட், பப்பாளி ஆகியவைதான் அதிகம் புழங்குபவை. விதையில்லாத தர்பூசணி மரபணு மாற்றியதல்ல, வழக்கமான கலப்பினம். உப்புப் பொட்டலத்தில் ‘மரபணு மாற்றம் இல்லை’ என்று போட்டிருந்தால் அதில் ஒரு தகவலும் இல்லை, உப்பில் மரபணுவே கிடையாது. பிறகு சட்டம் எதைச் சொல்லச் சொல்கிறது என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தற்செயலான கலப்பு உணவின் ஏதேனும் ஒரு மூலப்பொருளில் 0.9 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளில் வர வேண்டும், சுத்திகரித்த எண்ணெய்க்கும் அது பொருந்தும், ஆனால் அந்தத் தீவனம் தின்ற மாட்டின் பாலுக்கு வேண்டியதில்லை. 2022-இல் கட்டாயமான அமெரிக்க விதி, மரபணு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சுத்திகரித்த எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் விலக்கு கொடுத்தது. ஆக, லேபிள் இல்லை என்பதற்கு நாட்டுக்கு நாடு அர்த்தம் வேறு.

பயிரிடுபவராக இருந்தால் பையின் பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளைக் காசு கொடுப்பதற்கு முன்பே படியுங்கள். விளைந்ததில் விதை எடுத்து வைக்கலாமா, பக்கத்து வயலுக்குக் கொடுக்கலாமா, வயலைச் சோதிக்க வரும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதெல்லாம் அங்கே இருக்கும். கிடங்கில் பொதுவாக விற்ற சோயாவை வாங்கி விதைத்து, அதில் மருந்தைத் தாங்கியதை மட்டும் எடுத்து மறுபடி விதைத்த இந்தியானா விவசாயி ஒருவர் 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் காப்புரிமை வழக்கில் தோற்றார், நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே தீர்ப்பு. பயிரின் முழு விவரம் வேண்டுமென்றால் அதன் நிகழ்வுப் பெயரை, அதாவது அந்தக் குறிப்பிட்ட மரபணு மாற்றத்துக்கு வைத்திருக்கும் அடையாளப் பெயரை, கேட்டு வாங்குங்கள், எம்.ஓ.என். 810 என்பதுபோல் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். மரபணு மாற்று உயிரிகள் பற்றிய சர்வதேச ஒப்பந்தமான கார்டஹேனா உயிரிப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் பொதுத் தரவுத்தளத்தில் அந்தப் பெயரைத் தட்டினால், எந்த மரபணு, எந்த நாட்டில் எதற்காக அனுமதி, இடர் மதிப்பீட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது வரை இலவசமாகவே படிக்கலாம். பெயரைச் சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் விதை வாங்காதீர்கள்.