சவுண்டு வச்சா கார் கடகடன்னு ஆடுதா? ஷீட்டு ஒட்டுறதுக்கு முன்னாடி இத பண்ணிப் பாருங்க

போன வருஷம் என் ஹேட்ச்பேக் டிக்கில ஒரு 10 இஞ்ச் சப்வூஃபர் (பேஸுக்குன்னே இருக்குற பெரிய ஸ்பீக்கர்) வச்சேன். முதல் நாள் பாட்டு போட்டு வால்யூம ஏத்துனா பேஸ் வருதோ இல்லையோ, பின்னாடி யாரோ தகர டப்பால கல்லு போட்டு குலுக்குற மாதிரி ஒரு சத்தம். செட்டு மாட்டுன கடைல போய் கேட்டா "நாலு டோருக்கும் தகரம் அதிராம இருக்க டேம்பிங் ஷீட் ஒட்டிரலாம் சார், எல்லாம் அடங்கிரும்"னாங்க, சரின்னு ஒட்டுனோம். கதவு சாத்துனா இப்ப கும்முனு பெரிய வண்டி மாதிரி சாத்துது, அது நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த டப்பா சத்தம் மட்டும் இம்மி குறையல. ஏன்னா அது டோர்லேருந்தே வரல, பின்னாடி நம்பர் பிளேட்லேருந்து வந்துருக்கு. அத அடக்க கடைசில ஆன செலவு ஒரு துண்டு ஃபோம் டேப்.

அதனால முதல்ல எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிங்க, அப்புறம் காசு செலவு பண்ணுங்க.

சத்தம் ரெண்டு வகை, இத புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. ஒண்ணு, தகரமே மேளத்தோலு மாதிரி அதிர்றது, டோரோட வெளிப்பக்கம், கூரை, டிக்கி தரை மாதிரி அகலமான இடங்கள்ல வரும், அதுக்குத்தான் டேம்பிங் ஷீட். இன்னொண்ணு, லூசா இருக்குற ரெண்டு பொருள் ஒண்ணோட ஒண்ணு மோதுறது, பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும், கம்பியும் தகரமும், இப்படி. இதுக்கு எவ்ளோ ஷீட் ஒட்டுனாலும் ஒண்ணும் ஆகாது, டைட் பண்ணணும் இல்ல நடுவுல மெத்துனு எதையாவது வைக்கணும். நான் பாத்த வரைக்கும் முக்காவாசி ரெண்டாவது வகைதான்.

கண்டுபிடிக்கிறதுக்கு பாட்டு போட்டா ஆகாது, பேஸ் வந்து வந்து போறதால காதுக்கு பிடிபடாது. போன்ல டோன் ஜெனரேட்டர்னு தேடுனா விடாம ஒரே சுருதில சத்தம் குடுக்குற ஃப்ரீ ஆப் நிறைய வரும், ஒண்ண போட்டு ப்ளூடூத்ல கனெக்ட் பண்ணிக்கோங்க. 30 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு மெதுவா 200 வரைக்கும் ஏத்திக்கிட்டே போங்க. ஒவ்வொரு பொருளுக்கும் அதுக்குன்னு ஒரு அதிர்வெண் இருக்கு, அந்த நம்பர் வர்றப்ப மட்டும் அது ஜிர்ர்ருனு கத்தும், தாண்டுனா கம்முனு ஆயிரும். எந்த நம்பர்ல எது கத்துதுன்னு குறிச்சு வச்சுக்கோங்க, என் லிஸ்ட்ல மொத்தம் 7 இருந்துச்சு. ஒரு விஷயம், ஃபுல் வால்யூம்ல ஒரே டோன ரொம்ப நேரம் ஓட விடாதீங்க, பாட்டு மாதிரி இல்ல இது, நடுவுல ரெஸ்ட்டே கிடைக்காம வூஃபர் காயில் சூடாகி கருகிரும். நீங்க வழக்கமா கேக்குற அளவோ அதுக்கு கொஞ்சம் கம்மியோ போதும். இஞ்சின் ஆஃப்ல பண்றதால பேட்டரியும் இறங்கும், கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓட விடுங்க.

டோன் போடுறதுக்கு முன்னாடி வண்டிய காலி பண்ணுங்க, சும்மா பேருக்கு இல்ல, சுத்தமா. சில்லறை காசு, கூலிங் கிளாஸ், சார்ஜர், டோர் பாக்கெட்ல இருக்குற தண்ணி பாட்டில், குடை, க்ளவ் பாக்ஸ்ல இருக்குற மொத்த குப்பையும். ஸ்டெப்னி குழிக்குள்ள ஜாக்கியும் வீல் ஸ்பானரும் சும்மா கிடக்கும், அத ஒரு பழைய பெட்ஷீட்ல சுத்தி இறுக்கமா வைங்க. டேஷ்போர்டு பிள்ளையாரையும் விட்றாதீங்க. வெயில்ல டபுள் சைடு டேப்போட பசை காஞ்சு போயி என்னோடவரு 60 ஹெர்ட்ஸ்ல தனி கச்சேரியே பண்ணிக்கிட்டு இருந்தாரு, புது டேப் போட்டதும் அமைதியாயிட்டாரு.

அடுத்து இன்னொரு ஆள் வேணும். நான் என் மச்சான கூப்ட்டேன், ராத்திரி பத்து மணிக்கு அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல, வாட்ச்மேன் ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போனாரு. ஒருத்தர் உள்ள உக்காந்து டோன பிடிச்சு வைக்கணும், இன்னொருத்தர் உள்ளங்கையால ஒவ்வொரு இடமா அழுத்திக்கிட்டே வரணும். காத நம்பாதீங்க, கண்ணாடில பட்டு திரும்பி வர்றதால முன்னாடி இருக்குற சத்தம் பின்னாடி கேக்கும், கை பொய் சொல்லாது. 47 ஹெர்ட்ஸ்ல மச்சான் டிக்கி கதவ அழுத்துனான், ஒண்ணும் மாறல, கைய நம்பர் பிளேட் மேல வச்சான், டக்குனு நின்னுச்சு. எடுத்தான், மறுபடி கடகட. வச்சான், நின்னுச்சு. நாலு டோருக்கு ஷீட் ஒட்டுன காச நினைச்சு எனக்கு அங்கயே வயிறு எரிஞ்சுது.

நம்பர் பிளேட்ட கழட்டி பின்னாடி ஃபோம் ஒட்டலாம்னு பாத்தா முடியாது, 2019 ஏப்ரல்லேருந்து வந்த வண்டி எல்லாத்துக்கும் எச்எஸ்ஆர்பி (ஹை செக்யூரிட்டி) பிளேட், அதோட ஸ்னாப் லாக் திரும்ப கழட்டுற மாதிரி பண்ணதே இல்ல, உடைச்சா வம்பு. கழட்டாமலே பண்ணலாம். 3 மி.மீ. ஃபோம் டேப்ப விரல் அகலத்துக்கு வெட்டி, பழைய ஏடிஎம் கார்டு மாதிரி எதையாவது வச்சு பிளேட்டுக்கும் பாடிக்கும் நடுவுல நாலு ஓரத்துலயும் தள்ளி விடுங்க. ஃபோம் இல்லன்னா பழைய சைக்கிள் டியூப் துண்டு, அது இன்னும் நல்லா நிக்கும்.

டிக்கி பக்கத்துல வேற எங்க வரும்னா, டிக்கி கதவோட உள்பக்க பிளாஸ்டிக், டிக்கிய மேல மூடுற பார்சல் ட்ரே ரெண்டு பக்கமும் உக்கார்ற இடம், பின் சீட்டு சாய்வு மாட்டுற லாக்கு. பின் சீட் பெல்ட்டோட இரும்பு நாக்கு சைடு பிளாஸ்டிக்ல டொக்கு டொக்குனு அடிக்கும், யாரும் உக்காரலன்னா பக்கிள்ல மாட்டி விட்ருங்க. ட்ரே உக்கார்ற இடத்துல வெல்வெட் டேப் ஒட்டுனா போதும்.

இப்ப டோர். இது கொஞ்சம் பொறுமையான வேலை. டோர் பேட், அதாவது கதவோட உள்பக்க பிளாஸ்டிக் கவர், அத கழட்டணும், கைப்பிடி குழிக்குள்ள ஒரு சின்ன மூடி இருக்கும், அதுக்கு அடில ஸ்க்ரூ, அத பாக்காம இழுத்து பேட்ட உடைச்சவங்க எத்தனையோ பேர். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீங்க, பெயிண்ட் போயிரும், பிளாஸ்டிக் ப்ரை டூல்தான். ரெண்டு மூணு கிளிப் எப்படியும் உடையும், உடைஞ்ச கிளிப்ப அப்படியே விட்டு மாட்டுறதுதான் பாதி டோர் சத்தத்துக்கு காரணமே. அதனால உங்க மாடலுக்கு உண்டான கிளிப் பத்து வாங்கி கைல வச்சுக்கிட்டு ஆரம்பிங்க, சென்னைன்னா ஜி.பி. ரோட்ல கிடைக்கும், மத்த ஊர்ல பழைய கிளிப்ப கைல எடுத்துட்டுப் போய் ஆக்சஸரீஸ் கடைல காட்டுங்க.

பேட் வந்ததும் உள்ள ஒரு பிளாஸ்டிக் பேப்பர் ஒட்டியிருக்கும். குப்பைன்னு நினைச்சு பிச்சுப் போட்டுறாதீங்க, மழைத்தண்ணி வண்டிக்குள்ள வராம தடுக்குறதே அதுதான். கருப்பு பசைய கட்டர்ல மெதுவா அறுத்து ஒரு பக்கம் மடிச்சு வைங்க, திரும்ப அப்படியே ஒட்டணும். உள்ள லாக்குக்கு போற மெல்லிசு கம்பி ராடு ஒண்ணு ரெண்டு தெரியும், 80 - 90 ஹெர்ட்ஸ்ல கிர்ர்ருங்குற சத்தம் பெரும்பாலும் இதுதான், தகரத்துல படுற இடத்துல மட்டும் துணி டேப் சுத்துங்க, முனைல இருக்குற பிளாஸ்டிக் மூட்டுல சுத்துனா லாக் சிக்கிக்கும். வயரிங் தொங்குனா அதையும் இதே டேப்ல சேத்துக் கட்டுங்க. ஸ்பீக்கர் ஸ்க்ரூ டைட்டா, ரிங்குக்கும் தகரத்துக்கும் நடுவுல ஃபோம் இருக்கான்னு பாருங்க. எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) ரிங் போட்டுருந்தா ரெண்டு மழைல உப்பி லூசாயிருக்கும், பிளாஸ்டிக்குக்கு மாத்துங்க.

பேட்ட மாட்டுறதுக்கு முன்னாடியே கண்ணாடிய ஏத்தி இறக்கி பாத்துருங்க. நான் பாக்கல, ரெண்டாவது தடவை முழுசா கழட்டுனேன்.

ஷீட் வேணுமான்னா, வெளித்தகரத்த விரல் முட்டியால தட்டிப் பாருங்க, டங்குனு நீளமா கேட்டா வேணும், டொக்குனு நின்னா வேணாம். நடுவுல ஏ4 சைஸ்ல ஒண்ணு ரெண்டு துண்டு ஒட்டி மறுபடி தட்டுங்க, வித்தியாசம் உடனே தெரியும். இண்டு இடுக்கெல்லாம் மொத்தமா மெத்தணும்னு இல்ல, கால்வாசிலேருந்து பாதி வரைக்கும் மூடுனாலே தகரம் அடங்கிரும், மீதி எல்லாம் வெயிட்டும் செலவும்தான். 2 மி.மீ. பியூட்டைல் (ஒட்டுற ரப்பர் மாதிரி) ஷீட், மேல அலுமினியம் இருக்குறதா வாங்குங்க. மாடி ஒழுகலுக்கு ஒட்டுற தார் ஷீட் விலை கம்மின்னு சிலர் ஒட்டுவாங்க, நம்ம ஊர் வெயில்ல உருகி வழியும், நாத்தம் வேற. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல நல்லா தொடச்சுட்டு, ரோலர் வச்சு அழுத்தி ஒட்டுங்க. டோர் அடில தண்ணி வடியுற ஓட்டைய மட்டும் மூடிறாதீங்க, உள்ளயே தண்ணி நின்னு துரு பிடிக்கும்.

ஏர்பேக் விஷயத்துல விளையாட்டு வேணாம். பக்கவாட்டு ஏர்பேக் இருக்குற சில வண்டில டோருக்குள்ள காத்தழுத்தத்த பாக்குற ஒரு சென்சார் இருக்கும், அதையும் அதுக்கு காத்து போற வழியையும் மூடக்கூடாது. ஜன்னல் மேலேருந்து விரியுற கர்ட்டன் ஏர்பேக் இருந்தா, பில்லர் (கூரையத் தாங்குற தூண்) பிளாஸ்டிக்குக்கு உள்ள ஃபோம் திணிக்கவே கூடாது, அங்க சத்தம் வந்தா சர்வீஸ் சென்டர்ல விட்டுருங்க. டோருக்குள்ள ஸ்ப்ரே ஃபோம் அடிக்கிற ஐடியா யாராவது குடுத்தா கேக்காதீங்க, கண்ணாடி மோட்டாரோட சேத்து எல்லாம் கல்லாயிரும். கதவு ரப்பர் கீச்சுனு சத்தம் போட்டா சிலிக்கான் கிரீஸ் தடவுங்க, வாசலின் தடவுனா ரப்பர் ஊதிரும்.

எல்லாம் பண்ணியும் சத்தம் இருந்தா அது காரே இல்லாம ஸ்பீக்கராவே இருக்கலாம். பேலன்ஸ் (இடது, வலது), ஃபேடர் (முன், பின்) ரெண்டையும் வச்சு ஒவ்வொரு ஸ்பீக்கரா தனியா ஓட்டுங்க, ஒண்ணுல மட்டும் பொர்ருனு வந்தா அத கழட்டி கைல பிடிச்சுக்கிட்டு டோன் போடுங்க, அப்பவும் வந்தா காயில் உரசுது, மாத்துறதுதான் வழி. சப்வூஃபர் தனியா இருக்குறவங்க டோர் ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ்ல ஹை பாஸ் வைங்க (அதுக்குக் கீழ இருக்குற பேஸ குறைச்சிரும்), ஆம்ப்ல பேஸ் பூஸ்ட்ட ஜீரோ பண்ணுங்க, இந்த ரெண்டுலயே என் டோர் சத்தம் பாதி போச்சு, முன்னாடியே பண்ணியிருந்தா பேட்ட ஒரு தடவை கழட்டுற வேலை மிச்சம்.

என் லிஸ்ட்ல 7ல 6 அடங்கிருச்சு. மிச்சம் ஒண்ணு, 36 ஹெர்ட்ஸ்ல உள்ள இருக்குற ரியர் வியூ கண்ணாடி நடுங்கி பின்னாடி வர்ற பஸ்ஸு ரெண்டா தெரியுது. அது முன்கண்ணாடில ஒட்டியிருக்குற ஐட்டம், ஃபோம் வைக்க இடமும் இல்ல. சப்ப 2 டெசிபல் குறைச்சு வச்சுருக்கேன், இப்ப பஸ்ஸு ஒண்ணாத்தான் தெரியுது.