விலைக் கோப்பை வெளியாருக்கு அனுப்பும் முன்: மறைத்த நிரல் அழிந்த நிரல் அல்ல

சுன்னாகத்தில் ஒடியல் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி ஆகியவற்றைப் பொதிசெய்து விற்கும் சிறிய நிறுவனமொன்றின் கணக்குகளை நான் பார்த்து வருகிறேன். கொழும்பிலுள்ள ஏற்றுமதி முகவர் ஒருவர் விலைப்பட்டியல் கேட்டபோது, எமது கொள்விலையும் வழங்குநர்களின் தொலைபேசி இலக்கங்களும் இருந்த மூன்று நிரல்களை எக்செலில் மறைத்து, தாளுக்குக் கடவுச்சொல்லும் இட்டு, அதே கோப்பை அனுப்பிவிட்டேன். இரண்டு வாரங்களின் பின் விலை பேச வந்தவர், பனங்கட்டியில் எமக்கு நிற்கும் இலாபத்தைச் சதம் தப்பாமல் சொன்னார். அதன் பிறகு நாம் கடைப்பிடிக்கும் முறையையே இங்கு எழுதுகிறேன்.

முதலாவது படி, கோப்பைத் திறப்பதற்கு முன்பே, எதிர்த்தரப்பு எந்த முடிவை எடுக்க எமது தகவலைக் கேட்கிறது என்று எழுதிக்கொள்வது. முகவருக்குத் தேவைப்பட்டவை பொருளின் பெயர், பொதியின் நிறை, விற்பனை விலை, மாதாந்தம் கொடுக்கக்கூடிய அளவு ஆகிய நான்கு மட்டுமே.

இரண்டாவது படி, இரகசியக் காப்பு உடன்படிக்கை. கோப்பு போன பின் கையொப்பம் கேட்பதில் பயன் குறைவு. ஆகவே முதலில் இதனை முடியுங்கள். எது இரகசியம், யார் யார் பார்க்கலாம், தொடர்பு முடிந்ததும் பிரதிகளை என்ன செய்வது என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு வெளிப்படுத்தப்படாத தகவலுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆயினும், அதனை இரகசியமாக வைத்திருக்க உரியவர் நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்பது அப்பாதுகாப்புக்கான நிபந்தனைகளுள் ஒன்று. வாசகங்களை உங்கள் சட்டத்தரணியிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மூன்றாவது படி, அனுப்பும் கோப்பைத் தயாரிப்பது. இதுவே என்னை விழுத்தியது. ஆதலால் இதில் சற்று நிற்கிறேன். எக்செலில் நிரலை மறைப்பது பார்வைக்கு மட்டுமே. தாளுக்கு இடும் கடவுச்சொல் கலங்களை மாற்றாமல் தடுப்பதற்கானது. உள்ளிருக்கும் தரவை அது மறைகுறியாக்குவதில்லை. வேறொரு கோப்பில் இருந்துகொண்டு மறைந்த கலத்தைச் சுட்டி ஒரு சிறிய சூத்திரம் எழுதினாலே அதன் பெறுமதி வந்து நின்றுவிடும். எனவே மூலக்கோப்பைச் சுத்தம் செய்து அனுப்ப முயலாதீர்கள். புதிய வெற்றுக் கோப்பொன்றைத் திறந்து, தேவையான நிரல்களை மட்டும் அதற்குக் கொண்டுபோங்கள்.

இங்கும் ஒரு குழி உண்டு. மறைந்த நிரல்களுக்கு மேலாக இழுத்துத் தெரிவுசெய்து பிரதிசெய்தால் மறைந்தவையும் கூடவே வரும். தெரிவுசெய்த பின் 'ஆல்ட்' விசையையும் அரைப்புள்ளி விசையையும் சேர்த்து அழுத்தினால், கண்ணுக்குத் தெரியும் கலங்கள் மட்டும் தெரிவாகும். ஒட்டும்போது 'வேல்யூஸ்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இல்லாவிடில் சூத்திரங்கள் மூலக்கோப்பின் பெயரையும் பெறுமதிகளையும் தம்மோடு இழுத்து வந்துவிடும். தரவைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் பிவட் அட்டவணையை அப்படியே பிரதிசெய்யவே வேண்டாம்: சுருக்கம் மட்டும் தெரிந்தாலும் மூலத்தரவு முழுவதும் அதற்குள் தங்கியிருக்கக்கூடும். இறுதியில் 'ஃபைல்', 'இன்ஃபோ' பகுதியிலுள்ள 'இன்ஸ்பெக்ட் டொக்கியுமென்ட்' மூலம் குறிப்புகளையும் ஆக்கியவர் பெயரையும் நீக்கிவிடுங்கள்.

பெறுபவர் கணக்குப் போடத் தேவையில்லையெனில், அந்தப் புதிய கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதே என் விருப்பம். ஆனால் பிடிஎஃப்பில் கறுப்புப் பெட்டி வரைந்து எழுத்தை மறைக்காதீர்கள். 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டொனால்ட் ட்ரம்பின் தேர்தல் பிரசார முகாமையாளராக இருந்த போல் மனஃபோர்ட்டின் சட்டத்தரணிகள் நீதிமன்றத்தில் சமர்ப்பித்த ஆவணத்தில், கறுப்புப் பட்டைகளுக்குக் கீழிருந்த வரிகளைச் செய்தியாளர்கள் பிரதிசெய்து ஒட்டி எளிதாக வாசித்துவிட்டார்கள்.

அனுப்பும் வழியைப் பொறுத்தவரை, வட்ஸ்அப்பில் வணிகக் கோப்புகளை அனுப்புவதை நான் விரும்புவதில்லை. ஒரு தட்டில் அது பத்துப் பேருக்குப் போய்விடும். கூகுள் டிரைவில் 'இணைப்பு உள்ள எவரும்' என்பதை விடுத்து, பெறுபவரின் மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் பார்க்கும் அனுமதி கொடுங்கள். பதிவிறக்கம், அச்சு, பிரதி ஆகியவற்றை நிறுத்தும் தெரிவும் அமைப்புகளில் உண்டு. திரையைக் கைத்தொலைபேசியால் படம் பிடிப்பதை அது தடுக்காதுதான். எக்செல் கோப்பாகவே அனுப்ப நேர்ந்தால், 'புரொடெக்ட் வேர்க்புக்' என்பதன் கீழுள்ள 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்' என்பதைப் பயன்படுத்துங்கள். திறப்பதற்கே கடவுச்சொல் கேட்பது இதுதான். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல் தொலைபேசியில் சொல்லுங்கள்.

யாருக்கு, எந்தக் கோப்பு, எந்தத் திகதியில் போனது என்று ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன். பேச்சு முறிந்த அன்றே அதைப் பார்த்து டிரைவ் அனுமதிகளை நீக்கிவிடலாம்.

பிற்சேர்க்கை: இதனை வாசித்த ஒருவர், வேர்ட் கோப்பில் விலைச்சீட்டின் படத்தை வெட்டிச் சிறிதாக்கி அனுப்பியதாகவும், பெறுநர் அதை இழுத்து முழுப்படத்தையும் பார்த்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். படங்களுக்கும் இதே நிலைதான். 'கொம்பிரஸ் பிக்சர்ஸ்' என்பதில் வெட்டிய பகுதிகளை அழிக்கும் தெரிவை இட்டுச் சேமியுங்கள்; அல்லது படத்தை வேர்டுக்கு வெளியே வெட்டிச் சேமித்த பின் உள்ளே இடுங்கள். நான் இரண்டாவதையே செய்கிறேன்.