நடையின் வேலை வேறு, தட்டின் வேலை வேறு: எடை குறைப்பில் நாம் செய்யும் தவறுகள்

அப்பாவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று தெரிந்த வருடம், அவர் தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து பக்கத்து மைதானத்தில் ஒரு மணி நேரம் நடக்கத் தொடங்கினார். மழை நாள் தவிர ஒரு நாளும் விட்டதில்லை. எட்டு மாதம் கழித்து எடை பார்த்தார். 72 கிலோவில் தொடங்கியவர் 72-லேயே நின்றிருந்தார். "இவ்வளவு நாள் நடந்து என்ன பிரயோஜனம்?" என்று ஷூவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்.

அந்த எட்டு மாதத்தில் அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.2 சதவீதத்திலிருந்து 5.8-க்கு இறங்கியிருந்தது. ரிப்போர்ட் மேசை மேல்தான் கிடந்தது. எடைக் கணக்கில் ஏமாந்துபோயிருந்த எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. ஒன்றரை வருடத்தில் மாத்திரை ஆரம்பித்தது. நடந்துகொண்டே இருந்திருந்தால் மாத்திரையே வந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை, அது செய்யாத வேலைக்காக நிறுத்த விட்டோம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

உடம்பு எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கு. குறைந்த எடை திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்வது, தசையைக் காப்பது, சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது ஆகியவற்றில் உடற்பயிற்சிக்குப் பெரிய கை உண்டு. நடையிடம் தட்டின் வேலையையும், தட்டிடம் நடையின் வேலையையும் கேட்கும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன.

நடந்ததைச் சாப்பாட்டில் கழித்துக்கொள்வது

அப்பாவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 72 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 250 கலோரி செலவாகும். ஆனால் அதே நேரம் அவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் 70 கலோரி போயிருக்கும். ஆக, நடையால் கூடுதலாகச் செலவானது 180 தான்.

நடை முடிந்ததும் மைதானத்து நண்பர்களோடு டீக்கடை. ஒரு உளுந்து வடை, சர்க்கரை போட்ட பால் டீ. கடை வடை ஒன்றுக்குத் தோராயமாக 150, டீக்கு 80 முதல் 100 கலோரி. வீடு திரும்பும்போது அவர் கணக்கில் ஐம்பது அறுபது கலோரி கூடியிருந்தது. வழக்கமான காலை இட்லி அதற்கு அப்புறம்தான்.

வடை சாப்பிட்டதைக் குற்றம் சொல்லவில்லை. நண்பர்களோடு பத்து நிமிடம் நின்று பேசுவதுதான் பலரைத் தினமும் காலையில் எழுப்புகிறது, அது விலைமதிப்பில்லாதது. "நடந்துட்டோம்ல, ஒண்ணு சாப்பிடலாம்" என்ற நினைப்புதான் பிரச்சினை. அந்த நினைப்பு டீக்கடையோடு நிற்பதில்லை. மதியம் இன்னொரு கரண்டி சாதமாகவும், சாயங்காலம் ஒரு கைப்பிடி மிக்ஸராகவும் தொடர்கிறது.

கையில் கட்டும் கடிகாரங்கள் இந்த நினைப்புக்கு இன்னும் தைரியம் கொடுக்கின்றன. 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு வகைக் கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகக் காட்டின. கலோரிச் செலவில், இருப்பதிலேயே துல்லியமானதுகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. திரையில் வரும் எண்ணை நம்பி ஒரு பரோட்டாவைச் சேர்த்துக்கொள்வது ஆபத்தான கணக்கு.

நம் சொந்த நினைவும் அவ்வளவு நம்பகமானதில்லை. "நான் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் குறையவில்லை" என்று சொன்னவர்களை வைத்து 1992-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. அவர்கள் தாங்கள் சாப்பிட்டதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உடல் உழைப்பை ஒன்றரை மடங்காகக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. சமைக்கும்போது வாயில் போட்டுப் பார்த்தது, பேரன் மிச்சம் வைத்தது, கோயில் பிரசாதம் எல்லாம் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

உடம்பும் தன் பங்குக்கு மிச்சம் பிடிக்கிறது. டான்சானியாவில் ஹட்ஸா என்ற மக்கள் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறார்கள். ஹெர்மன் பான்ட்சர் என்ற ஆய்வாளரின் குழு அவர்களின் தினசரி ஆற்றல் செலவை அளந்து 2012-இல் வெளியிட்டது. நாள் முழுக்க நடக்கும் அவர்களுக்கும், அமெரிக்க, ஐரோப்பிய மக்களுக்கும், உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், பெரிய வித்தியாசம் இல்லை. ஓரிடத்தில் அதிகம் செலவழித்தால் உடம்பு வேறிடத்தில் சிக்கனம் செய்கிறது என்பது அவர் தரும் விளக்கம். நாமும் அறியாமலே அதற்குத் துணை போகிறோம்: காலையில் ஒரு மணி நேரம் நடந்த களைப்பில் மீதி நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பது, மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட், பக்கத்துக் கடைக்கும் வண்டி.

"அப்போ நடந்து பிரயோஜனமே இல்லையா? நடந்தால் பசிதானே எடுக்கும்?" என்று கேட்பவர்களுக்கு வங்காளத்துச் சணல் ஆலையிலிருந்து ஒரு பதில் உண்டு. ஜான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் குழுவினரும் அங்கே வேலை செய்தவர்களின் சாப்பாட்டையும் எடையையும் அளந்து 1956-இல் வெளியிட்டார்கள். கடினமாக உழைத்தவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள், அதில் வியப்பில்லை. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள், லேசான வேலை செய்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம் இருந்தார்கள். ஓரளவாவது அசைந்துகொண்டிருந்தால்தான் பசியே ஒழுங்காக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பண்டத்தை மாற்றிவிட்டு அளவை மறந்துவிடுவது

நம் வீடுகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். இரவுச் சாதத்தை நிறுத்திவிட்டுச் சப்பாத்தி. எண்ணெய் தடவிச் சுட்ட நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சேர்ந்தால், ஒரு கிண்ணம் சாதமும் ரசமும் கீரையும் சாப்பிட்டதைவிடக் கூடுதலாகவே உள்ளே போகும். சப்பாத்தியில் ஏதோ மந்திரம் இருப்பதுபோல் எண்ணிக்கையை விட்டுவிடுகிறோம்.

அடுத்தது சிறுதானியம். வரகும் சாமையும் கேழ்வரகும் நல்லவைதான், நார்ச்சத்தும் தாதுச்சத்தும் உண்டு. ஆனால் கலோரியில் நூறு கிராம் சிறுதானியமும் நூறு கிராம் அரிசியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "தினை பொங்கல்தானே" என்று நெய்யை இரண்டு கரண்டி கூட ஊற்றிக்கொண்டால் கணக்கு மோசமாகிறது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் என்பதெல்லாம் இதே வகை. தேன் கொழுப்பைக் கரைக்காது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் அறுபது கலோரி இருக்கிறது.

சென்னையிலிருந்து நடத்தப்படும் ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) என்ற நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின் முடிவு ஒன்று 2025-இல் வெளியானது. இந்தியர்களுக்குக் கிடைக்கும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் அரைத்த கோதுமைக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயமும் வயிற்றுப் பருமனும் குறைவதில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தவர்களுக்கே அபாயம் குறைவாக இருந்தது.

எங்கள் வீட்டில் இதைச் செய்ய இரண்டே மாற்றம் போதுமாக இருந்தது. ஒன்று, தட்டில் முதலில் பொரியலும் கீரையும் சுண்டலோ முட்டையோ வந்துவிடும், சாதம் அப்புறம். வேகவைத்த சாதம் நூறு கிராமுக்கு 130 கலோரி. பெரும்பாலானோர் நினைத்துப் பார்ப்பதைவிட அதிகம் சாப்பிடுகிறார்கள் என்பது ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்தால் புரியும். இரண்டாவது, எண்ணெய்ப் பாத்திரத்தை அடுப்பு மேடையிலிருந்து எடுத்துவிட்டு, மாதத்துக்கு இத்தனை என்று அளந்து வைத்தாள் அம்மா. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி, அது எந்த எண்ணெயாக இருந்தாலும். செக்கெண்ணெய் என்பதற்காக அதில் ஒரு கலோரியும் குறைவதில்லை.

பட்டினி மட்டும் கிடப்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. கல்யாணம் வருகிறது, பத்து கிலோ குறைக்க வேண்டும், அதனால் காலையில் ஒன்றுமில்லை, மதியம் பழம், இரவு ஓட்ஸ் கஞ்சி. முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கிவிடும், எல்லோரும் பாராட்டுவார்கள். இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்கு நீரையும் பிடித்து வைத்திருக்கிறது. அந்தச் சேமிப்பு கரையும்போது நீரும் போகிறது, சாப்பிட்டதும் திரும்பி வருகிறது.

அதற்குப் பிறகு கரைவதில் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகிறது. இது நமக்குக் கூடுதல் நஷ்டம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய பிரிட்டிஷ் நண்பர் ஜான் யூட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையும் அருகருகே போட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் ஒரே 22.3. யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. பார்க்க ஒல்லியாக இருக்கும் இந்திய உடம்பிலும் தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிட்டது. இருக்கிற கொஞ்சத் தசையையும் பட்டினியில் இழந்துவிட்டு, எடை திரும்பும்போது அதில் கொழுப்பே அதிகமாக வந்தால், பழைய எடையிலேயே முன்பைவிட மோசமான உடம்போடு நிற்போம்.

தசையைக் காக்க ஜிம்முக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்குவது என்று வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் செய்தாலே தொடக்கத்துக்குப் போதும். கூடவே ஒவ்வொரு வேளையும் புரதம். சும்மா இருக்கும்போது ஒரு கிலோ தசை ஒரு நாளைக்குச் செலவழிப்பது ஏறத்தாழ 13 கலோரிதான், "தசை வளர்ந்தால் தூங்கும்போதே கொழுப்பு எரியும்" என்ற விளம்பரங்களை அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். தசை வேண்டியது எழுபது வயதிலும் தானாக எழுந்து நடக்க.

வயிற்றுக்கென்று தனிப் பயிற்சி செய்து வயிற்றை மட்டும் கரைக்க முடியாது. கொழுப்பு எங்கிருந்து முதலில் போக வேண்டும் என்பது நம் கையில் இல்லை.

எடை அசையவில்லை என்று நடையை விடுவது

அப்பா செய்தது இது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வைப் பற்றி அப்போது எங்களுக்குத் தெரியாது. அப்பாவைப்போலவே எல்லைக்கோட்டில் இருந்த 531 பேர். ஒரு பிரிவினருக்கு நடையும் அளவான சாப்பாடும் சொல்லிக்கொடுத்து, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒன்றும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடையோ குறிப்பிடும்படி குறையவே இல்லை. 2006-இல் வெளியான முடிவு அது. வேலை செய்கிற தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ள, எடை குறையும்வரை காத்திருப்பதில்லை.

எடை குறைந்த பிறகும் நடைதான் காவல். அமெரிக்காவில் 1994-இலிருந்து ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். பதினான்கு கிலோ அளவுக்குக் குறைத்து, ஒரு வருடமாவது ஏறாமல் வைத்திருப்பவர்கள் அதில் சேரலாம். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் உடற்பயிற்சியை விடாதவர்கள், சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம்.

அதனால் எடை இயந்திரம் ஒன்றையே நம்பாதீர்கள். ஒரு தையல் டேப் வாங்கி மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவைக் குறித்து வையுங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம்.

பரணிலிருந்து ஷூ இறங்கி இரண்டு வருடமாகிறது. இப்போது காலையில் அரை மணி நேரம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் கால் மணி நேரம். டீக்கடைக்கு இன்றும் போகிறார், டீயில் சர்க்கரை இல்லை, வடை ஞாயிற்றுக்கிழமை மட்டும். எடை 67. இடுப்பு 98-லிருந்து 91. சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதிக் கட்டத்தில் அம்மா பென்சிலால் எழுதி வைக்கிறாள்.